வினைமுற்று

ஊலு நகரில் ஜனவரி.
பத்து மணிக்குத்தான் விடியும்; மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.
நடுவே கிடைக்கும் வெளிச்சத்தில்
காவல் நிலையத்தின் இரண்டாம் மாடியில் ஆறு பேர்,
ஒரு பிளாஸ்க் காபி,
யாரும் தொடாத ஏலக்காய் ரொட்டி.

ஏழு வாரமாக யாரோ
ஸானெல்மாவின் காரிலிருந்து பனியைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.
முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள்.
எஞ்சினைச் சூடேற்றும் ஒயரைக்கூடச் செருகிவைத்து.
யாரோ என்ன யாரோ.
கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவன்தான்.

"இதை எந்தப் பிரிவில் எழுத?" என்றார் ஹார்யு.
"உதவி செய்தான் என்று வழக்குப் போடவா?"

காப்பகத்துத் தூலிக்கி மேசையை விரலால் தட்டினாள்.
"பூட்டை உடைப்பவன் வரமுடியும் என்று காட்டுகிறான்.
இவன், வந்துவிட்டேன் என்று காட்டுகிறான்.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை."

படிவத்தில் இருபத்தொன்பது கட்டங்கள்.
ஆயுதம் உண்டா? இல்லை.
கொல்வேன் என்றானா? இல்லை.
குடிக்கிறானா? நிறுத்திவிட்டான்.
கூட்டிப் பார்த்தால் 'மிதம்' என்றது தாள்.

எனக்கோ அவன் செய்வதெல்லாம்
ஒரே வாக்கியமாகத் தெரிந்தது.
வந்து, நின்று, துடைத்து, செருகி,
ஜன்னலை அண்ணாந்து பார்த்து...
எச்சத்துக்கு மேல் எச்சம்.
வினைமுற்று இன்னும் வரவில்லை.
அது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

மார்கெத்தா மனநலப் பிரிவுச் செவிலி.
கோப்பையில் சர்க்கரை இல்லை,
ஆனாலும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
சொன்னால் சட்டம் கேட்கும்.
சொல்லாவிட்டால் யார் கேட்பார்கள் என்றும் தெரியும்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.
கோபமாக இல்லை. நன்றி சொல்லி."

ஓரத்தில் வாடகை வீட்டு அலுவலகத்து ஈவரி,
அழைக்கலாமா வேண்டாமா என்று
நாங்கள் இருமுறை யோசித்த ஆள்,
தொண்டையைச் செருமினார்.
"முக்கியமா என்று தெரியவில்லை. நாயைக் கொடுத்துவிட்டான்.
பதினோரு வயது நாய்.
எதிர்வீட்டுக்காரியிடம். தட்டு, கயிறு, தடுப்பூசி அட்டையோடு."

வெந்நீர்க் குழாய் முனகும் சத்தம் கேட்டது.

குடியை விட்டான், மாத்திரையை விட்டான், நாயை விட்டான்.
அவரவர் மேசையில் அதது
நல்ல செய்தியாகவோ சின்னச் செய்தியாகவோ கிடந்தது.
ஒரே மேசைக்கு வந்ததும்
வீட்டைக் கூட்டி, விளக்கை அணைத்து,
சாவியைக் கையில் எடுத்த ஒருவன்
எங்கள் நடுவில் நின்றான்.

படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
ஹார்யு விளிம்பில் எழுதினார்.
பேனா காகிதத்தைக் கிழித்தது.

பிறகு நடந்தவை கவிதைக்கு உதவாது:
போன்கள், ஒரு கையெழுத்து, இன்னொரு கையெழுத்து,
பின்வாசலில் டாக்ஸி.
மார்கெத்தாவும் சீருடை போடாத போலீஸ் ஒருவரும்
அவன் கதவைத் தட்டினார்கள்.
திறந்தானாம்.
நாய் எங்கே என்று கேட்டாளாம்.
அதற்குத்தான் அழுதானாம்.
அன்றிரவு வார்டில் ஒரு படுக்கை காலியாக இருந்தது, எங்கள் அதிர்ஷ்டம்.

என்ன நடந்திருக்கும்?
தெரியாது. நடக்காததற்குச் சாட்சி ஏது?
மேலதிகாரி கேட்கிறார், ஒருவேளை வெறும் பனிதானோ?
இருக்கலாம் என்கிறேன்.
இரவில் வேறு பதில் சொல்கிறேன், எனக்கு.

மார்ச்சில் தூலிக்கியின் போனுக்கு ஒரு படம்.
வேறு ஊர். பெயர் சொல்லமாட்டேன்.
கார் முழுக்க ஒரு சாண் பனி,
யார் கையும் படாதது.
கூடவே ஒரு வரி:
"வேலைக்கு நேரமாகிவிட்டது, அரை மணியாகச் சுரண்டுகிறேன்."

போன் கைமாறிக் கைமாறிப் போனது.
ஈவரி சிரித்தேவிட்டார்.
ஹார்யு மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கி
சக்கரங்களைச் சுற்றிக்
காலடித் தடம் தேடிக்கொண்டிருந்தார்.